"வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லாதீர்கள்!



கல்யாண வீட்டிலோ, பஸ்ஸிலோ, பள்ளிக்கூட வாசலிலோ யாராவது "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் என்ன? "வேலைக்கெல்லாம் போகலைங்க. வீட்டுல சும்மாதான் இருக்கேன்!" இப்படிச் சொல்லும் பெண் காலை ஐந்து மணிக்கு எழுந்து, மோட்டார் போட்டு, பால் காய்ச்சி, இரண்டு டிபன் பாக்ஸுக்கு இரண்டு விதமாகச் சமைத்து, மாமனாரின் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார். இதற்குப் பெயர் 'சும்மா'வா?

முன்பெல்லாம் தன்னடக்கத்துக்காகச் சொல்லப்பட்ட வார்த்தை இது. வீட்டில் மெஷின்கள் நிறைந்த பிறகு, மற்றவர்கள் அதை நிஜமென்றே நம்பத் தொடங்கிவிட்டார்கள். "கிரைண்டர் ஆட்டுது, மிக்ஸி அரைக்குது, வாஷிங் மெஷின் துவைக்குது. உனக்கென்ன வேலை?" இந்த வசனம் கேட்காத வீடு உண்டா?

எங்கள் கோவை, வெட் கிரைண்டருக்குப் பெயர் போன ஊர். அதற்காகப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டத்தில், விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் ஏழை வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை இறங்கிய பெண்களைக் கேட்டால் தெரியும், அது எவ்வளவு பெரிய விடுதலை என்று. மெஷின்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால், மெஷின் மிச்சப்படுத்திய நேரம் எங்கே போனது?

என் மாமியார் சொல்வார்: "ஆட்டுக்கல்லு இருந்தப்ப தினமுமா இட்லி சுட்டோம்? நோம்பி, அமாவாசை, விருந்தாளி வந்தாத்தான் கண்ணு. மத்த நாளெல்லாம் பழையதும் கூழும்தான்." இன்றைக்கோ கிரைண்டர் இருக்கிறது, பிரிட்ஜ் இருக்கிறது என்பதாலேயே தினமும் இட்லி, தோசை. மிக்ஸி இருக்கிறது என்பதால் ஒரு சட்னி போதாது, இரண்டு வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை துவைத்த துணி, இப்போது தினமும் மெஷினுக்கு வருகிறது. போட்டால் மட்டும் போதுமா? எடுத்து உதறி, காயப்போட்டு, மழைக்கு ஓடி எடுத்து, மடித்து, அவரவர் அலமாரியில் வைப்பது யார்? பட்டனைத் தட்டினால் வேலை முடிந்தது என்பவர்கள், ஒரு நாள் கிரைண்டர் கல்லைக் கழுவிப் பார்க்கட்டும்!

இன்னொன்றும் உண்டு. ஆட்டுக்கல் காலத்தில் ஒருத்தி ஆட்டினால் இன்னொருத்தி மாவைத் தள்ளிவிடுவாள். பிள்ளைகள் தண்ணீர் எடுத்து வருவார்கள். மாவு மில்லுக்கு வீட்டு ஆண்கள் சுமந்து போவார்கள். மெஷின் வந்ததும் அவர்களுக்கெல்லாம் விடுமுறை கிடைத்துவிட்டது. மிச்ச வேலை முழுக்க ஒரே ஆளின் கையில்! ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்கப் பெண் வரலாற்றாசிரியர், 1983-ல் வெளியான தன் புத்தகத்தில் இதையேதான் எழுதினார். வீட்டுக் கருவிகள் மற்றவர்களின் வேலையைக் குறைத்தன, தாயின் வேலையைக் குறைக்கவில்லை என்று. அமெரிக்காவிலும் நம் கதைதான்!

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2019-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம். நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது உண்மைதான். அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டதே!

நம் வேலைக்கு மதிப்பு உண்டு என்பதை வீட்டைவிடக் கோர்ட்டுகள் முன்னதாகவே புரிந்துகொண்டன. இல்லத்தரசியின் உழைப்பு, குறைத்துப் பார்த்தாலும் மாதம் 3,000 ரூபாய் பெறும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம், உயிரிழந்தோருக்கு நஷ்டஈடு கேட்ட ஒரு வழக்கில் கணக்கிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பட்டியலில் வைத்ததை 2010-ல் அதே நீதிமன்றம் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார்.

இத்தனையும் இருந்தும், என் மகள் கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். "இல்லத்தரசின்னு எழுது கண்ணு" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரே பேசுவதைத்தான் பிள்ளையும் பேசுகிறது. ஆனாலும் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையை மாற்ற ஒரு சின்ன மெஷின் உதவும் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். அதுதான் செல்போன். கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வீட்டுக்கு உழைக்கின்றன. நம் பணத்துக்கு நம் கையில் சாவி கொடுப்பது இது ஒன்றுதான்.

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை திட்டம் தொடங்கியபோது, குடும்பத் தலைவியின் கணக்குக்கே மாதம் 1,000 ரூபாய் வந்தது. உதவித் தொகை என்று சொல்லாமல் 'உரிமைத் தொகை' என்றார்களே, அது எனக்கு மிகவும் பிடித்தது. எனக்கும் வந்தது. ஆனால் வங்கிக் கணக்கு என் பெயரில், அதில் கொடுத்திருந்த செல்போன் நம்பரோ என் வீட்டுக்காரருடையது. என் பணம் வந்த செய்தி அவர் போனில்தான் 'டிங்' என்று கேட்கும். மீதி எவ்வளவு என்று தெரிய, அவர் மில்லிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் நள்ளிரவில் மாமியாருக்கு நெஞ்சுவலி. அவர் வெளியூரில். ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். என் கணக்கில் சேர்த்து வைத்த 14,000 ரூபாய் இருந்தது. எடுக்கத்தான் வழியில்லை. ஏடிஎம் கார்டு வாங்கவில்லை. வங்கியில் பதிவான நம்பர் நம் போனில் இருந்தால்தான் போன் மூலம் பணம் அனுப்ப முடியும், ஓடிபியும் அதற்குத்தான் வரும். அந்த நம்பரோ அவரோடு பஸ்ஸில், சார்ஜ் தீர்ந்து கிடந்தது. எதிர்வீட்டு அக்கா கொடுத்த பணத்தில் சமாளித்தோம். கடவுள் புண்ணியத்தில் அத்தை பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே வங்கிக்குப் போய் என் நம்பரைக் கொடுத்து மாற்றினேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. "ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். "நம்பிக்கை இருக்குதுங்க. ஆனா ராத்திரி பன்னெண்டு மணிக்கு நம்பிக்கைக்கு ஓடிபி வராதுங்களே!" என்றேன். கட்டிலில் படுத்திருந்த மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அவ பணம் அவ போன்ல இருக்கட்டும் விடுடா."

இன்று காய்கறிக் கடையில் என் போனில் நானே பணம் கொடுக்கிறேன். ஆயிரமோ ஐநூறோ, கணக்கு என் விரல் நுனியில். வீட்டிலும் என் பேச்சுக்கு ஒரு கனம் வந்திருக்கிறது. "அம்மா, இதை எப்படி அனுப்பறது?" என்று மாமியாரின் தங்கை மகள்கூட என்னைத்தான் கேட்கிறாள்.

அதனால்தான் தோழியரே, இந்த மூன்று விஷயங்களைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒன்று, பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், உங்கள் கணக்கில் இருப்பது யார் நம்பர் என்று கேளுங்கள். உங்களுடையது இல்லையென்றால், அங்கேயே படிவம் கேட்டு மாற்றுங்கள். இரண்டு, ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் சரி! ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். மூன்று, மெஷின் பட்டனுக்கு ஆண், பெண் பேதம் தெரியாது. ஒரு மெஷினையாவது வீட்டில் இன்னொருவர் பொறுப்பில் விடுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் என் மகன் பொறுப்பு. துணி மடிப்பதில் கொஞ்சம் கோணல்தான். போகப் போகச் சரியாகிவிடும்!

- கோவை வாசகி