கணிப்பொறியை நாமே கூட்டலாம்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று பெரியோர் சொல்வர். இந்நாளில் ‘கணிப்பொறியைக் கூட்டிப் பார்’ என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். மூன்றிலும் கையிருப்பு குறைவு, ஆசை மிகுதி, ஆலோசனை சொல்வோர் ஏராளம். உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து வாங்கி, மேசைக் கணிப்பொறி ஒன்றைத் தாமே அமைத்துக்கொள்ள விரும்பும் மாணவர்கள் இன்று பலர். சென்னை ரிச்சி தெருவிலோ தம் ஊர்க் கடைகளிலோ, விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் திகைத்து நிற்பதைக் காணலாம். அப்பட்டியலில் உள்ள எண்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பள்ளி இயற்பியலே. அதைப் புரிந்துகொண்டால் திகைப்பு நீங்கும், பணமும் மிஞ்சும்.

நான் செய்த பிழை

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் கணிப்பொறிக்குப் பட்டியல் போட்டுத் தருமாறு கேட்டார். அவருடைய தந்தை விசைத்தறித் தொழிலாளி. சீட்டு எடுத்த பணத்தை மகளுக்காக ஒதுக்கியிருந்தார். பட்டியல் முடிந்தபோது 1500 ரூபாய் உதைத்தது. “கேபினட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸே போதும், 450 வாட் என்று போட்டிருக்கிறதே” என்று நானே சொல்லி, அத்தொகையைக் குறைத்தேன்.

எட்டாம் மாதம் ஒரு மாலை, கருகல் நாற்றம் வந்தது. எஸ்.எம்.பி.எஸ். போயிற்று, போகும்போது மதர்போர்டையும் உடன் அழைத்துக்கொண்டு போயிற்று. மிச்சம் பிடித்தது 1500 ரூபாய். புது மதர்போர்டுக்கு ஆனது 6000 ரூபாய். “போகட்டும் சார், பொருள்தானே; நீங்க மனசுல வச்சுக்காதீங்க” என்றார் அந்தத் தந்தை. அவர் இரண்டு வார்த்தை கடிந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். மின்திறனைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நான், ஒரு பெருக்கல் கணக்கைப் போடாமல் விட்டதே இதற்குக் காரணம். அந்தக் கணக்கைப் பின்னர்க் காண்போம்.

உறுப்புகளைக் கூட்ட முடிவது ஏன்?

ஒரு நிறுவனத்தின் செயலியை வேறொரு நிறுவனத்தின் மதர்போர்டில் பொருத்தி, மூன்றாம் நிறுவனத்தின் ரேமை அதில் செருகினால் அது எப்படி வேலை செய்கிறது? 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியைப் பெரும்பாலும் பிறர் செய்த உறுப்புகளைக் கொண்டே அமைத்தது. அதன் தொழில்நுட்ப விவரங்களையும் வெளியிட்டது. ஆகவே பிறரும் அதற்குப் பொருந்தும் உறுப்புகளைச் செய்யத் தொடங்கினர். 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. மதர்போர்டின் நீள அகலம், திருகாணித் துளைகளின் இடம், எஸ்.எம்.பி.எஸ். தரவேண்டிய மின்னழுத்தங்கள் ஆகியவை அதனால் வரையறுக்கப்பட்டன. எந்தக் கடையில் வாங்கினாலும் மின்விளக்கு நம் வீட்டுத் தாங்கியில் பொருந்துவதைப் போன்றதே இதுவும்.

அடுக்களையில் ஒரு கணிப்பொறி

செயலியின் வேகம் 4 கிகாஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். அதன் ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் 0.25 நானோவினாடி. ஒளிகூட அதற்குள் 7.5 சென்டிமீட்டரே செல்லும். இவ்வளவு விரைவான செயலி, தனக்கு வேண்டிய செய்தியை ரேமிலிருந்து பெறுவதற்குச் சுமார் 80 நானோவினாடி காத்திருக்க வேண்டும். அதாவது 320 துடிப்புகள் வீண்.

சமையல் செய்பவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கைக்கெட்டும் இடத்தில் அஞ்சறைப் பெட்டி. சில அடி தள்ளி அலமாரி. தெருக்கோடியில் மளிகைக் கடை. செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவகம் அஞ்சறைப் பெட்டியைப் போன்றது. ரேம் அலமாரி, வட்டு மளிகைக் கடை. அலமாரி சிறியதாக இருந்தால் என்ன நேரும்? கடுகுக்கு ஒருமுறை, புளிக்கு ஒருமுறை எனக் கடைக்கு ஓட வேண்டியதுதான். ரேம் போதாத கணிப்பொறி திணறுவதும் இவ்வாறே. படிப்பு, எழுத்துப் பணி, நிரல் எழுதுதல் ஆகியவற்றுக்கு 16 ஜி.பி. வசதியாக இருக்கும். பணம் போதாவிட்டால் 8 ஜி.பி.யில் தொடங்கி, மற்றொன்றுக்கு மதர்போர்டில் இடம் விட்டுவைக்கலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. டி.டி.ஆர். 4 வகையில் 3200 என்று குறித்த ரேம் பட்டை, வினாடிக்கு 320 கோடி முறை 8 பைட் வீதம் செய்தியை அனுப்ப வல்லது. அதாவது வினாடிக்கு 25.6 ஜி.பி. இரண்டு பட்டைகளை உரிய துளைகளில் செருகினால் பாதை இரட்டிக்கும், 51.2 ஜி.பி. ஆகும். ஆகவே 16 ஜி.பி. பட்டை ஒன்றைக் காட்டிலும் 8 ஜி.பி. பட்டைகள் இரண்டு மேலானவை. தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறியில், படம் வரையும் பகுதியும் இதே ரேமையே நம்பியிருப்பதால், இவ்வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இனி, மளிகைக் கடைக்கு வருவோம். பழைய வகை வன்வட்டு நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கிறது. அதாவது வினாடிக்கு 120 முறை. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய இடம் முனையின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிவினாடி ஆகும். முனை நகர்ந்து வரும் நேரத்தையும் கூட்டினால் சுமார் 12 மில்லிவினாடி. எஸ்.எஸ்.டி. எனப்படும் வட்டில் சுழலும் பகுதியே இல்லை, எல்லாம் மின்சுற்றுகளே. அது ஏறத்தாழ 0.1 மில்லிவினாடியில் விடை தருகிறது. ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் 10,000 சிறு துணுக்குகளைப் படிப்பதாக வைத்துக்கொண்டால், முன்னதற்கு 120 வினாடி. பின்னதற்கு 1 வினாடி! பழைய கணிப்பொறி மெதுவாக இருக்கிறதென்று வருந்துவோர், புதிது வாங்குமுன் வட்டை மட்டும் மாற்றிப் பார்ப்பது நலம்.

செயலியின் வேகமும் வெப்பமும்

செயலியில் உள்ள டிரான்சிஸ்டர்கள் செலவிடும் மின்திறன், துடிப்பு வேகத்தையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. வேகத்தை 10 விழுக்காடு உயர்த்த, மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு உயர்த்த நேர்ந்தால் என்ன ஆகும்? 1.1 × 1.1 × 1.1 = 1.33. வேகம் பத்தில் ஒரு பங்கு கூடியதற்கு வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றப் பெரிய ஹீட் சிங்க், நல்ல மதர்போர்டு, வலுவான எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் வேண்டும். உச்ச வேகச் செயலியை வாங்குவோர் செயலியின் விலையை மட்டும் தருவதில்லை என்பது இதனால் விளங்கும்.

உட்கருக்களின் எண்ணிக்கையைக் கண்டும் மயங்க வேண்டாம். 1967இல் ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் எளிய உண்மையை எடுத்துக்காட்டினார். 10 நிமிட வேலையில் 5 நிமிடப் பகுதியைப் பிரித்துக் கொடுக்க இயலாது எனக் கொள்வோம். எஞ்சிய பகுதியை ஆயிரம் பேர் பகிர்ந்துகொண்டாலும் அந்த 5 நிமிடம் கழிந்தே தீரும். மொத்த வேகம் இருமடங்கைத் தாண்டாது. மாணவருக்குரிய அன்றாட வேலைகளுக்கு 4 அல்லது 6 உட்கருக்கள் தாராளம்.

பொருந்துமா என்று பாருங்கள்

செயலி உட்காரும் இடத்திற்குச் சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 சாக்கெட் டி.டி.ஆர். 4 ரேமுக்கு உரியது. 2022இல் வந்த ஏ.எம். 5 சாக்கெட் டி.டி.ஆர். 5க்கு உரியது. இன்டெலின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட் உள்ள மதர்போர்டுகள் இவ்விரு வகையிலும் கிடைக்கும். ஆனால் வாங்கிய பலகை எவ்வகையோ அவ்வகை ரேமே அதில் பொருந்தும். இரண்டின் வெட்டும் வெவ்வேறிடத்தில் இருப்பதால், அழுத்திச் செருகினால் உடைவதே மிச்சம்.

பலரும் ஏமாறும் இடம் மற்றொன்று. இன்டெல் செயலியின் பெயர் ‘எஃப்’ எழுத்தில் முடிந்தால் அதில் படம் காட்டும் பகுதி இயங்காது. ஏ.எம். 4 வகை ரைசன் செயலிகளில் ‘ஜி’ எழுத்து உள்ளவற்றிலேயே அப்பகுதி உண்டு. 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி இதற்கு எடுத்துக்காட்டு. இதைக் கவனியாமல் விலை குறைவென்று வாங்கியவர், எல்லாவற்றையும் பூட்டி முடித்தபின் இருண்ட மானிட்டரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பிறகு கிராஃபிக்ஸ் கார்டுக்காகத் தனியே பணம் தேட வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். கணக்கு

என் பிழைக்கு வருகிறேன். எஸ்.எம்.பி.எஸ்., 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றித் தருகிறது. செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் தடத்தையே பெரிதும் நம்பியுள்ளன. எரிந்துபோன எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டுச் சீட்டைப் பிறகு படித்தேன். 12 வோல்ட் தடத்திற்கு நேரே 14 ஆம்பியர் என்று சிறிய எழுத்தில் இருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 12 × 14 = 168 வாட். பெரிய எழுத்தில் இருந்த 450 எங்கே, இந்த 168 எங்கே!

அந்த மாணவியின் செயலி முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும். ஓவிய வேலைக்காகப் போட்டிருந்த கிராஃபிக்ஸ் கார்டு 120 வாட். மற்றவை 30 வாட். மொத்தம் 238 வாட். இரண்டு பேர் ஏறும் வண்டியில் மூன்று பேரை ஏற்றி, எட்டு மாதம் ஓட்டியிருக்கிறோம்.

வீணாகும் மின்திறனையும் பார்க்க வேண்டும். கணிப்பொறிக்கு 100 வாட் தேவை எனில், 70 விழுக்காடு திறமுள்ள எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து 143 வாட் எடுக்கும். 43 வாட் அதற்குள்ளேயே வெப்பமாகும். 85 விழுக்காடு திறமுள்ளது 118 வாட் எடுக்கும்; வெப்பம் 18 வாட்டே. அதனுள் இருக்கும் மின்பகுபொருள் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி உயரும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொறியாளர் கண்ட பொதுவிதி. திறம் குறைந்த கருவி தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறது என்று சொல்லலாம். 2004இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ என்னும் சான்று, திறம் 80 விழுக்காட்டிற்குக் குறையாது என்பதைக் குறிக்கும். அச்சான்றும், 12 வோல்ட் தடத்தில் தேவையைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதல் வாட்டும் உள்ளதை வாங்குங்கள்.

பணத்தைப் பங்கிடுதல்

விலைகள் மாதந்தோறும் மாறுவன. 2025ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியதைப் பலர் அறிவர். எனவே ரூபாயைச் சொல்லாமல் பங்கைச் சொல்கிறேன். மானிட்டர், விசைப்பலகை நீங்கலாக, தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மாணவர் கணிப்பொறிக்கு 100 ரூபாய் எனக் கொண்டால், செயலிக்கு 28, மதர்போர்டுக்கு 20, ரேமுக்கு 20, எஸ்.எஸ்.டி.க்கு 14, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 11, கேபினட்டுக்கு 7 எனப் பங்கிடலாம். ஒன்றின் விலை ஏறினால் மற்றவற்றில் சற்றுச் சரிக்கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். வண்ண விளக்குகள் கணிப்பொறியின் வேகத்தை இம்மியும் கூட்டுவதில்லை; அவற்றுக்கான பணத்தை ரேமில் போடுங்கள்.

பூட்டும்போது

செயலியின் மீது ஹீட் சிங்கை வைக்குமுன் தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு இடுவர். இரு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும் இடையே காற்று இருக்கும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் காற்று பல்லாயிரம் மடங்கு மோசமான வெப்பக்கடத்தி. அந்த இடைவெளியை நிரப்புவதே பேஸ்ட்டின் வேலை. மிகுதியாக அப்பினால் அதுவே தடையாகும்.

உறுப்புகளைத் தொடுமுன் கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடலில் சேர்ந்துள்ள நிலைமின்னூட்டம் நமக்கு உறைக்காத அளவில் இருந்தாலும் நுண்சுற்றுகளைக் கெடுத்துவிடும். மூன்று முள் பிளக்கும் முறையான எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். 230 வோல்ட் என்பது மாறுமின்னழுத்தத்தின் பயனுறு மதிப்பு. அதன் உச்ச மதிப்பு 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவ்வளவு மின்னழுத்தம் மின்தேக்கியில் தங்கியிருக்கக் கூடும்.

அந்த மாணவி இப்போது வேலையில் இருக்கிறார். அண்மையில் தம் தம்பிக்காகக் கணிப்பொறிப் பட்டியல் ஒன்றைத் தாமே எழுதி, சரிபார்க்கும்படி என்னிடம் தந்தார். செயலியோ ரேமோ அதில் முதல் வரியில் இல்லை; எஸ்.எம்.பி.எஸ். இருந்தது. அதன் பக்கத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, விடையின் கீழ் இரண்டு கோடுகள் இட்டிருந்தார். நான் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.