ஆர்எக்ஸ் 100-க்கு ஆக்டேன் பூஸ்டர் தேவையா? ஒரு சின்ன கணக்கு

சேலம், நாமக்கல் பக்கம் ஆர்எக்ஸ் 100 மோகம் இன்னும் குறையல. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான 98 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி இது. லேத் பட்டறையில ஹெட்டை இழைச்சு, போர்ட்டைப் பெருசாக்கி ஓட்டுறவங்க இருக்காங்க. அதுக்கப்புறம் வர்ற கேள்வி: "பெட்ரோல்ல ஆக்டேன் பூஸ்டர் ஊத்தணுமா?" நான் மெக்கானிக் இல்லை, மென்பொருள் ஆள். படிச்சதையும் கணக்குப் போட்டதையும் எழுதுறேன்.

முதல்ல ஆக்டேன்னா என்ன? அழுத்தமும் சூடும் ஏறும்போது, தீப்பொறியில் கிளம்பிய சுவாலை வந்து சேருவதற்கு முன்னாடியே மிச்ச எரிபொருள் தானா வெடிக்காம தாக்குப்பிடிக்கும் திறன். அவ்வளவுதான். ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். எண் கூடினால் பவர் தானா கூடாது. நாக்கிங் வர்ற இன்ஜினில் அதைத் தடுக்கும். நாக்கிங் இல்லாத இன்ஜினில் காசுதான் வீண்.

ஹெட் இழைச்சா என்ன ஆகும்? இந்த வண்டிக்கு போர் 50 மிமீ. எக்ஸாஸ்ட் போர்ட் மூடின பிறகு பிஸ்டன் அழுத்தும் அளவு 55 சிசி, ஹெட்டுக்குள்ள இடம் 9.5 சிசி என்று உதாரணத்துக்கு வைப்போம். கம்ப்ரெஷன் விகிதம் 6.8. ஹெட்டில் 1 மிமீ எடுத்தால் கிட்டத்தட்ட 2 சிசி குறையும். விகிதம் 8.3-க்குத் தாவும். ஒரு மில்லிமீட்டர்தான்! நாக்கிங் இங்கேதான் கதவைத் தட்டும்.

சரி, பூஸ்டர் பாட்டிலுக்கு வருவோம். "5 பாயிண்ட் ஏறும்" என்று போட்டிருந்தால், பல தயாரிப்புகளில் 1 பாயிண்ட் என்பது 0.1 ஆக்டேன். அதாவது 91 பெட்ரோல் 91.5 ஆகும், 96 ஆகாது. பங்க்லயே 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் கிடைக்குது. இப்போ எல்லா பங்க்லயும் வர்ற ஈ20 பெட்ரோலுக்கே இந்தியத் தர நிர்ணயப்படி குறைந்தது 95 ஆக்டேன் இருக்கணும்.

அப்போ ஈ20 போட்டா பிரச்சினை தீர்ந்ததா? இல்ல. சாதா பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேணும். எத்தனாலுக்கு 9 போதும். ஈ20-க்கு சுமார் 13.5. ஆர்எக்ஸ் 100-ல சென்சார் எதுவும் கிடையாது, கார்புரேட்டர் ஜெட் தான். பழைய ஜெட்டை மாத்தாம ஓட்டினா கலவை சுமார் 8% லீன் ஆகும். லீன் ஆனா சூடு ஏறும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் ஆயிலும்தான் உள்ளே குளிர்ச்சி தருது. ஆக்டேன்ல கிடைச்ச லாபம் ஜெட்டில் போயிடும்.

இதே கணக்குதான் கனடா மாதிரி ஊர்களில் பனியில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல்களிலும். மலை உச்சிக்கு ட்யூன் பண்ணின வண்டியைக் கீழே ஓட்டினா லீன் ஆகும். நமக்கு ஏற்காடு இருக்கே! சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று மெல்லிசு, அதனால சின்ன ஜெட் நல்லா ஓடும். அதே ஜெட்டோட சேலத்துக்கு இறங்கி, நாமக்கல் ரோட்டில் முழு த்ராட்டில் பிடிச்சா பிஸ்டன் பாவம். எந்த பூஸ்டரும் காப்பாத்தாது.

இன்னொரு பொறி இருக்கு. சில பூஸ்டர்களில் மாங்கனீஸ் சேர்மம் (எம்எம்டி), சிலவற்றில் இரும்புச் சேர்மம் (ஃபெரோசீன்). இரண்டும் ஸ்பார்க் பிளக்கில் செம்பழுப்புப் படிவு விடும். நம்ம மெக்கானிக்குங்க பிளக் நிறத்தைப் பார்த்துத்தான் கலவையைச் சொல்றாங்க. லீனா ஓடுற இன்ஜின் பிளக்கும் "நல்ல பிரவுன்" மாதிரி தெரியலாம். கூடவே, டூ-ஸ்ட்ரோக்கில் உள்ளே வர்ற புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே எக்ஸாஸ்ட் வழியா வெளியேறும். பாட்டிலில் இருந்த டொலுயீனோ மாங்கனீஸோ, பின்னாடி வர்றவங்க மூச்சுக்குப் போகும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்னா, டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஓட்டத்தில் சீஸ் ஆனா பின்சக்கரம் பூட்டிக்கும். பிஸ்டன் செட் செலவோட முடியும்னு சொல்ல முடியாது. அதனால வரிசை இதுதான்: முதல்ல இழைச்ச ஹெட்டின் கொள்ளளவை சிரிஞ்சில் ஆயில் விட்டு அளங்க. ஏர் லீக் பாருங்க. அடுத்து, ஈ20-க்கும் உங்க ஊர் உயரத்துக்கும் ஏத்த மெயின் ஜெட். பிறகு இக்னிஷன் டைமிங். ஆயில் அளவைக் குறைக்காதீங்க. இத்தனைக்கும் பிறகு நாக்கிங் இருந்தா, கொஞ்சம் தடிமனான ஹெட் கேஸ்கெட் போட்டு கம்ப்ரெஷனைக் குறைங்க. பாட்டில் விலையை விட அது மலிவு.

சட்டம் பற்றி ஒரு வரி: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்குது. ஹெட் இழைக்கக் கொடுக்கும் முன்னாடி அதையும் யோசிச்சுக்கங்க.