கருவாட்டு உப்பும் இரத்த அழுத்தமும்

சென்னை மயிலாப்பூருக்குக் கிழக்கே, கலங்கரை விளக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையில், கடலை ஒட்டி அமைந்துள்ளது நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு. பொழுது புலரும் வேளையில் படகுகள் கரையேறுகின்றன. வலையினின்றும் பிரித்தெடுத்த சங்கரா, நெத்திலி, வாளை, காணாங்கெளுத்தி முதலிய மீன்கள் கூடைகளில் நிரப்பப்பட்டு விலைக்கு வருகின்றன. சாலையோரத்தில் நெடுங்காலமாக நடைபெற்று வந்த இவ்வியாபாரத்திற்கென 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 366 கடைகள் கொண்ட அங்காடி ஒன்று இவ்விடத்தில் திறக்கப்பெற்றது. விற்றது போக மீந்த மீனும், ஒரே நாளில் அளவு கடந்து வந்தமையால் விலை வீழ்ந்த மீனும் என்னவாகின்றன என்பதே ஈண்டுக் கவனிக்கற்பாலது. மீனவப் பெண்டிர் அவற்றைப் பிளந்து, குடல் நீக்கி, உப்பைத் திணித்து அடுக்கி வைத்துப் பின்னர் வெயிலிற் காயவைக்கின்றனர். அதுவே கருவாடு.

கடற்கரையில் உண்டாகும் இப்பண்டம் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை. உள்நாட்டு வாரச் சந்தைகளில் கருவாட்டுக் கடை இல்லாத சந்தை அரிது. கடலைக் கண்ணாற் காணாத புன்செய்க் கிராமத்துக் குடியானவர் வீட்டிலும் கம்பங் கூழுக்கும் பழைய சோற்றுக்கும் கருவாடு துணையாகின்றது. அறுவடைக் காலத்தில் ஆட்களுக்குக் கஞ்சி வார்க்கும் பண்ணைகளிலும் ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு ஆகிய மூன்றில் ஒன்று தவறாமல் இடம்பெறும். மலிவும், நெடுநாள் கெடாத தன்மையும், மாமிசச் சத்தும் இதற்குள்ள நற்குணங்கள். இவற்றை யாரும் மறுக்க முடியாது.

ஆயினும் மீனைக் கெடாமற் காத்த உப்பு வேலை முடிந்ததும் கடலுக்குத் திரும்பிவிடுவதில்லை, மீனிலேயே தங்கிவிடுகின்றது. உப்பிட்ட கருவாட்டில் நூறு பங்குக்குப் பெரும்பாலும் பத்து முதல் இருபது பங்கு வரை உப்பு உள்ளது. உலக சுகாதார நிறுவனம் வயது வந்த ஒருவருக்கு ஒரு நாள் முழுமைக்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று வரையறுத்துள்ளது. அஃதாவது ஒரு தேக்கரண்டி அளவு. ஐம்பது கிராம் கருவாட்டை நீரில் ஊறவிடாமல் குழம்பிலிட்டு உண்பவருக்கு அந்த ஒரு பதார்த்தத்திலேயே நாளின் அளவு முடிந்துவிடும், இருமடங்காவதும் உண்டு. சோற்றில் இட்ட உப்பும், ஊறுகாயும், அப்பளமும் இதற்கு மேற்பட்ட கணக்கு. அப்பளத்திலோ உப்பு மட்டுமன்றி அப்பளக்காரமும் சேர்கின்றது. உப்பிற் கெடுதல் செய்யும் அதே சோடியம் அக்காரத்திலும் உண்டு.

நிற்க. இரத்த அழுத்தம் என்பதென்னவென்று அறிதல் நலம். கிணற்று மோட்டார் இறைக்கும் நீர் குழாயின் சுவரை உள்ளிருந்து அழுத்துவது போல, இருதயம் செலுத்தும் இரத்தம் நாளங்களின் சுவரை அழுத்துகின்றது. உடலிற் சோடியம் மிகுந்தால் அதற்கேற்ப நீரும் உடலில் தங்குகின்றது. ஓடும் இரத்தத்தின் அளவு பெருகுகின்றது. நாளங்கள் விறைத்துக் குறுகுகின்றன. புதுக் குழாய் சில காலம் தாங்கும். பழைய குழாய் பலவீனமான இடத்தில் வெடிக்கும் அல்லது அடைபடும். மூளையில் அது நேர்ந்தாற் பக்கவாதம், இருதயத்தில் நேர்ந்தால் மாரடைப்பு. சிறுநீரகங்கள் ஓசையின்றிக் கெடுகின்றன. பாதரச அளவில் 140-க்கு 90 என்னும் எல்லையைத் தொட்டோ கடந்தோ பலமுறை காணப்படின் அது மிகை அழுத்தம் எனப்படும். வலியோ காய்ச்சலோ இன்றி ஆண்டுக்கணக்கில் இருப்பதே இவ்வியாதியின் வஞ்சனை. ஐம்பது வயதில், நடவு நேரத்தில், வீட்டுத் தலைவன் ஒரு பக்கம் விழுந்துபோனால், அவ்வாண்டுப் பயிர் மட்டுமன்றி நிலமும் அடமானத்திற்குப் போவதைக் கிராமத்தார் அறியாதவரல்லர்.

உப்பு இந்நாட்டில் எப்பொழுதும் இவ்வளவு மலிவாயிருந்ததில்லை. வெள்ளையர் ஆட்சியில் உப்பின்மீது வரி இருந்தது. மீனவர் வரி கொடுத்து உப்பு வாங்க இயலாமல் மீனைச் சரிவரப் பதனிடாது விட்டமையால், சென்னை மாகாணத்தில் மீன் பதனிடுவதற்கெனச் சர்க்கார் முற்றங்கள் ஏற்படுத்தி, அங்கு வரியின்றி உப்பு வழங்கும் ஏற்பாடு நடந்தது. 1907-ஆம் ஆண்டில் சர் பிரெடரிக் நிக்கல்சன் பொறுப்பில் தொடங்கப்பெற்ற மீன்வளத் துறை, மீனைச் சுத்தமாகப் பதனிடும் முறைகளில் மிகுந்த கவனம் செலுத்தியது. 1930-இல் வேதாரணியத்தில் உப்பு அள்ளியவர்கள் சிறை சென்றதும், 1947-இல் உப்பு வரி நீங்கியதும் யாவரும் அறிந்தவை. ஏழையின் கஞ்சிக்கு உப்பு மறுக்கப்பட்ட காலத்தில் அதற்காகப் போராடியது நியாயமே. இன்றோ உப்பை அளந்து போடும் கை அரிதாயிற்று. மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் சென்னை நகரவாசிகளிடையே நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் உப்பு சராசரி 8.5 கிராம் எனக் காணப்பட்டது. உப்பு மிகுதியாக உண்போரிடையே மிகை அழுத்தமும் மிகுதியாகவே இருந்தது.

இதைக் கேட்டதும் சிலர் சோற்றையே குறை கூற முற்படுவர். நீரிழிவைப் பற்றிய வரையில் அதற்கு இடமுண்டு. அழுத்தத்தைப் பற்றிய வரையில் சோறு குற்றவாளியன்று. 1940-களில் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர், கடுமையான மிகை அழுத்தமுடைய நோயாளிகளுக்கு உப்பில்லாத சோறும் பழமும் பழரசமும் சர்க்கரையுமே ஆகாரமாகக் கொடுத்து, பலருக்கு அழுத்தம் வெகுவாகத் தணிந்ததைக் காட்டினார். நல்ல மருந்துகள் இல்லாத காலம் அது. அவ்வாகாரத்தை நெடுநாள் சகித்திருத்தல் எளிதன்று. இன்று யாரும் அவ்வாறு உண்ண வேண்டிய அவசியமுமில்லை. சோற்றோடு சேர்வது யாது என்பதே கேள்வி என்பது மட்டும் அதனால் விளங்கிற்று.

கிராமவாசிகளுக்கு இன்னும் நெருங்கிய சான்று வடசீனத்தினின்று கிடைத்துள்ளது. அங்கு 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரைச் சேர்த்து ஒரு பரிசோதனை நடத்தினர். அவர்கள் முன்பே பக்கவாதம் கண்டவர்கள், அல்லது அறுபது வயதுடன் மிகை அழுத்தமும் உடையவர்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பும், மற்றப் பாதியில் முக்காற் பங்கு சாதாரண உப்பும் காற்பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்த கலவையும் சமையலுக்கு வழங்கப்பட்டன. வேறு மாறுதல் ஒன்றுமில்லை. ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்குப் பின், 2021-இல் வெளியான முடிவின்படி, கலவை உப்பு பயன்படுத்திய கிராமங்களிற் பக்கவாதம் நூற்றுக்குப் பதினான்கு வீதமும், மரணம் பன்னிரண்டு வீதமும் குறைந்திருந்தன. நம்பத்தகுந்த பலன் இது. சமையலறையில் ஒரு டப்பாவை மாற்றியதே அதற்குச் செய்த வேலை.

தமிழ்நாட்டிலும் அத்தகைய உப்பு புதிதன்று. தமிழ்நாடு உப்புக் கழகம் 2014-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மூவகை உப்புகளிற் சோடியம் குறைந்த உப்பும் ஒன்று. ஆனால் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சிறுநீரக வியாதியுள்ளவர்களுக்கும், அழுத்தத்திற்கென உண்ணும் சில மருந்துகளால் உடலிற் பொட்டாசியம் தேங்குபவர்களுக்கும் அக்கலவை உப்பு கேடு செய்யும். மருத்துவரைக் கேளாமல் அவர்கள் அதைத் தொடலாகாது. மற்றவர்களும் எந்த உப்பாயினும் அயோடின் சேர்த்ததையே வாங்கி, அளவைக் குறைத்தல் நன்று.

பொட்டாசியம் என்பது கடையில் மட்டும் கிடைக்கும் சரக்கன்று; குடியானவரின் கொல்லையிலேயே விளைகின்றது. வாழைப்பழம், முருங்கைக் கீரை, பயறு வகைகள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இளநீர் ஆகியவற்றில் அது நிறைந்துள்ளது. சோடியத்தைச் சிறுநீரின் வழியே வெளியேற்றி நாளங்களைத் தளரச் செய்வது அதன் தொழில். ஆனால் நடப்பது யாது? வாழைத்தாரும் இளநீரும் லாரி ஏறிப் பட்டணம் செல்கின்றன. விளைவித்தவன் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சோறுண்கிறான். கீரையை வேகவைத்த நீரைக் கொட்டிவிடும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. கரைந்த சத்தெல்லாம் அந்நீரோடு சாக்கடைக்குப் போகின்றது. கிணற்றடிக் கழிவுநீர் பாயும் இடத்தில் நான்கு வாழையும், வேலியோரத்தில் இரண்டு முருங்கையும் வீட்டு உபயோகத்திற்கென்றே ஒதுக்கி வைப்பது எந்த மிராசுதாருக்கும் நஷ்டமாகாது.

வெயிலில் உழைப்பவனுக்கு உப்பு வேண்டாமா என்று வினவுவோர் உளர். வியர்வையில் உப்பு கழிவது மெய்யே. எனினும் வெப்பத்திற் சில நாட்கள் தொடர்ந்து உழைத்துப் பழகிய உடல், வியர்வையில் விடும் உப்பைத் தானே குறைத்துக்கொள்கின்றது. நாள் முழுதும் உழைக்கும் ஆளுக்கு முதலில் வேண்டுவது நீர். சிறிதளவே உப்பிட்ட மோர், நீராகாரம், கேழ்வரகுக் கூழ் ஆகியவை அதற்குப் போதுமானவை. கூழோடு சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வைத்தால் ஊறுகாய் தேடும் நாக்கு பெரும்பாலும் அடங்கிவிடும். உப்பைப் படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கும் பழகிவிடுகின்றது; ஒரே நாளில் நிறுத்த முயன்றவர்களே மறுநாள் பழைய அளவிற்குத் திரும்புகின்றனர்.

பானங்களைப் பற்றிச் சிறிது. காப்பி குடித்தபின் அழுத்தம் சற்றே ஏறி இறங்கும். நாளைக்கு இரண்டு முறை குடிப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. கடைகளில் உப்பிட்டுத் தரும் எலுமிச்சை சோடாவிற்குப் பதில் இளநீர் மேலானது. மதுவோ அழுத்தத்தை நேரே உயர்த்துவது. அதற்குத் துணையாக உண்ணப்படுவனவும் வறுத்த கருவாடு, ஊறுகாய், உப்பிட்ட கடலை ஆகியவையே. ஆதலின் இரண்டு கெடுதல்கள் ஒரே இலையிற் பரிமாறப்படுகின்றன.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், மிகை அழுத்தமும் நீரிழிவும் உடையோருக்கு வீட்டிற்கே மருந்து தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. அழுத்தத்தை அளக்கும் நாளை முன்னதாகக் கோவில் ஒலிபெருக்கியில் தெரிவித்து, முப்பது வயது கடந்தவர்களை வரச் செய்தலே பெரிய உதவி. உடம்பு நன்றாயிருக்கிறது என்று சொல்லி வாராதிருப்பவரே அளந்து பார்க்கவேண்டியவர். மருந்து உண்டு அழுத்தம் தணிந்தவர், குணமாயிற்றென்று தாமே மருந்தை நிறுத்திவிடுதல் ஆபத்து. உப்பைக் குறைத்தல் மருந்திற்கு உதவியேயன்றி அதற்கு மாற்றன்று.

இவ்வளவும் சொன்னதனாற் கருவாட்டை ஒதுக்கவேண்டுமென்பது கருத்தன்று. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் கரையெங்கும் உள்ளன. மாமிசச் சத்துக் குறைந்த உணவுண்ணும் ஏழைகளுக்கு அது பேருதவி. வாங்கும்போது தெரிந்து வாங்குதல் வேண்டும். நெத்திலி, சென்னாக்கூனி போன்ற சிறியவை உப்பிடாமலே வெயிலிற் காய்வதுண்டு; கடைக்காரரைக் கேட்டு அத்தகையதைத் தெரிந்தெடுக்கலாம். மேலே வெள்ளையாக உப்புப் பூத்த பெரிய மீன் கருவாடாயின், துண்டு செய்து, மண் போகக் கழுவி, நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஊறவைத்து, இடையில் இரண்டு மூன்று முறை நீரை மாற்றுதல் வேண்டும். உப்பின் பெரும்பகுதி அந்நீரில் இறங்கிவிடும். அந்த நீரைக் குழம்பிற் சேர்க்கலாகாது. கத்தரிக்காய், முருங்கைக்காய், மொச்சை ஆகியவற்றை மிகுதியாகவும் கருவாட்டைக் குறைவாகவும் இட்டு, புளி கரைக்கும்போது உப்புப் போடாமல், குழம்பு கொதித்து இறக்கும் தறுவாயில் ருசி பார்த்தால், தனியே உப்புச் சேர்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.