மலையிலிருந்து மேடைக்கு: நடிப்புப் பட்டறைக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

நடிகராக வேண்டும் என்ற ஆசை பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது வருகிறது. தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவிலும் கோயில் திருவிழா மேடையிலும் கைத்தட்டல் வாங்கிய பிள்ளை, எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் "நடிப்புப் பட்டறைக்குப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? சில பெற்றோர் திட்டுவார்கள். சில பெற்றோர் சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். பட்டறை எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்று தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் பணமும் மிஞ்சும், பிள்ளையின் மனமும் உடையாது.

பட்டறையில் என்ன நடக்கிறது?

பட்டறை என்ற சொல்லே நமக்குப் பாதி விளக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. கொல்லன் பட்டறைக்குள் போகும் இரும்பு, காய்ச்சி அடிக்கப்பட்டு வடிவம் பெறுகிறது. அங்கே கத்தி செய்து கொடுப்பார்கள். காய்கறி நறுக்கிக் கொடுக்க மாட்டார்கள். நடிப்புப் பட்டறையும் அப்படித்தான். அது நடிகனை உருவாக்க உதவும். வாய்ப்பு வாங்கித் தருவது அதன் வேலையல்ல.

நல்ல பட்டறை முதல் நாளிலேயே வசனம் பேசச் சொல்லாது. மூச்சில் தொடங்கும். அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்தால்தான் குரல் கடைசி வரிசை வரை போகும். அடுத்தது உடல். நிற்பது, நடப்பது, உட்காருவது என்று நாம் யோசிக்காமல் செய்யும் காரியங்களை யோசித்துச் செய்ய வைப்பார்கள். பிறகு கவனிப்புப் பயிற்சி, எழுதிவைக்காத வசனத்தை அந்த நேரத்திலேயே உருவாக்கிப் பேசும் பயிற்சி, சக நடிகர் பேசுவதை உண்மையாகவே காதில் வாங்கிப் பதில் சொல்லும் பயிற்சி ஆகியவை வரும். ரஷ்யாவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, 1898-இல் தொடங்கப்பட்ட மாஸ்கோ கலை நாடக அரங்கில் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து வகுத்த முறைதான் இன்றைய பல பயிற்சிகளுக்கு அடிப்படை. இந்தப் பாத்திரம் யார், எங்கே நிற்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் வாயைத் திறக்காதே என்பது அதன் சாரம்.

கேமரா முன் நடிப்பது இன்னொரு பாடம். மேடையில் கையை வீசிச் சொல்வதைக் கேமராவுக்குக் கண்ணசைவில் சொல்ல வேண்டும். தரையில் ஒட்டிய அடையாளத்தைப் பார்க்காமலேயே அதன்மேல் வந்து நிற்க வேண்டும். முதல் முறை எடுத்தபோது தேநீர்க் கோப்பை எந்தக் கையில் இருந்ததோ, ஐந்தாவது முறையும் அதே கையில் இருக்க வேண்டும். இவை சின்ன விஷயங்களாகத் தெரியலாம். ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் புதுமுகம் திட்டு வாங்குவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

தோட்டம் கொடுத்திருக்கும் முதலீடு

தேயிலை மலையில் வளர்ந்த பிள்ளை வெறுங்கையோடு பட்டறைக்குப் போவதில்லை. செங்குத்தான சரிவில் கால் ஊன்றி நிற்பது எப்படி, முதுகில் கூடையின் பாரம் ஏற ஏற நடை எப்படி மாறுகிறது, பனி இறங்கும் விடியலில் மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பழக்கமானவை. பட்டணத்து நடிகர் இதைப் பல வாரம் பழகினாலும் முழுதாக வராது.

தேயிலைத் தோட்டத்துக்கும் நடிப்புக்கும் பழைய உறவும் உண்டு. இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்தை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். பகலில் கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் இரவில் ரதியாகவும் மன்மதனாகவும் மாறினார்கள். வேடம் கட்டியவர்கள் கட்டணம் கட்டிப் பயிற்சி பெறவில்லை. மூத்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

மலேசியத் தமிழ்த் திரையும் தோட்டத்து வாழ்க்கையை மறக்கவில்லை. தீபக் குமரன் மேனன் இயக்கி 2005-இல் வந்த 'செம்மண் சாலை' ரப்பர் தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கதை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளியான 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் வாழ்க்கையைக் காட்டியது. பெரிய நட்சத்திரங்கள் இல்லாத அந்தப் படம், 2016-இல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதைப் பெற்றது. தோட்டத்து மொழியும் தோட்டத்து முகமும் குறையென்று கூச்சப்படுபவர்கள் இந்த இரண்டு படங்களையும் பார்க்க வேண்டும்.

200 கிலோமீட்டர் தூரத்தின் விலை

பெரும்பாலான பட்டறைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் நடக்கின்றன. மேடைக் கலைகளுக்காக 2002-இல் தொடங்கப்பட்ட 'போ கேமரோனியன் கலை விருதுகள்', கேமரன் மலையின் பெயரையும் இங்குள்ள தேயிலை நிறுவனத்தின் பெயரையும் தாங்கியவை. ஆனால் அந்த விருதுகள் கௌரவித்த நாடக உலகின் மையம் கோலாலம்பூர்தான். செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தைப் புதுப்பித்து 2005-இல் திறக்கப்பட்ட கலை அரங்கமும் அங்கேதான் இருக்கிறது.

தானா ராத்தாவிலிருந்து கோலாலம்பூர் சுமார் 200 கிலோமீட்டர். மலைப்பாதையில் இறங்கிப் பேருந்து போய்ச் சேர நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் நடக்கும் பட்டறை, செந்தூல் பிள்ளைக்கு இரண்டு நாள். மலைப் பிள்ளைக்கு மூன்று, நான்கு நாள். ஒரு பேச்சுக்குக் கட்டணம் 300 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், பேருந்துக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, இழந்த சம்பளம் எல்லாம் சேர்ந்து அதைப் போல இரு மடங்கு ஆகிவிடலாம். விளம்பரத்தில் இருப்பது கட்டணம் மட்டுமே. வீட்டில் போட வேண்டியது முழுக் கணக்கு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்று தேயிலை பறிக்கும் வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களே இருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழ் இளைஞர்கள் பலர் ஹோட்டல், உணவகம், பண்ணை, கடை என்று சுற்றுலாவை நம்பிய வேலைகளில் இருக்கிறார்கள். சுற்றுப்பயணிகள் மலையேறி வருவது வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும்தான். பட்டறைகள் நடப்பதும் அதே நாட்களில்தான். முதலாளிக்கு ஆள் தேவைப்படும் நாளில் விடுப்புக் கேட்டால் வேலையே போகலாம். அதனால் மாதாமாதம் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு ஓடுவதைவிட, ஆண்டுக்கு ஒன்று, நீண்ட நாள் நடப்பது, நல்ல ஆசிரியர் கற்பிப்பது என்று தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே சொல்லி விடுப்பு வாங்குவது புத்திசாலித்தனம்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

"பட்டறையில் சேர்ந்தால் படத்தில் வாய்ப்பு உறுதி" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். எந்த ஆசிரியராலும் அப்படி உறுதி கொடுக்க முடியாது. நடிகரைத் தேர்ந்தெடுப்பது இயக்குநரும் தயாரிப்பாளரும்.

சேருமுன் ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். கற்றுக்கொடுப்பவர் இதற்கு முன் எந்த நாடகத்தில், எந்தப் படத்தில் வேலை செய்திருக்கிறார்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் ஒவ்வொருவரும் எழுந்து நடித்துப் பார்க்கும் நேரம் எவ்வளவு? கட்டணத்துக்கு ரசீது உண்டா? இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? ஐம்பது பேரை உட்கார வைத்து ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் அதன் பெயர் சொற்பொழிவு, பட்டறை அல்ல.

பாதுகாப்பும் முக்கியம். நடிகர் தேர்வு என்று ஹோட்டல் அறைக்கோ தனி வீட்டுக்கோ அழைத்தால் போகக் கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களோடு பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். படித்துப் புரிந்துகொள்ளாத எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.

முன்னே நடந்தவர்கள் காட்டும் வழி

பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்த ரஜினிகாந்த், சென்னைக்கு வந்து திரைப்படப் பயிற்சிக் கல்லூரியில் முறையாக நடிப்புப் படித்த பிறகே 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அறிமுகமானார். மலேசியத் தோட்டத் தொழிலாளர் கதையைச் சொன்ன 'கபாலி' படத்தில் 2016-இல் அவரைப் பார்த்து ஆர்ப்பரித்தவர்கள், அவரும் ஒரு காலத்தில் வகுப்பில் உட்கார்ந்த மாணவர்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

விஜய் சேதுபதியின் பாதை மேலும் பாடம் தரக்கூடியது. கணக்கியல் படித்து, துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்தார். அங்கே நடிகர்கள் பயிற்சி செய்வதை அருகிலிருந்து கவனித்தார். அதன் பிறகும் கதவு உடனே திறக்கவில்லை. 'புதுப்பேட்டை' போன்ற படங்களில் சிறு வேடங்கள், தொலைக்காட்சித் தொடர், குறும்படங்கள் என்று ஆண்டுகள் ஓடின. 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' வந்த பிறகுதான் கதாநாயகன் ஆனார். கையில் ஒரு தொழில் இருந்ததால் அவரால் காத்திருக்க முடிந்தது. நடிப்புத் திறமைக்கு அடுத்தபடியாக நடிகனுக்கு வேண்டியது காத்திருக்கும் சக்தி. அந்தச் சக்தியைக் கொடுப்பது மாதச் சம்பளம்.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்ப் படைப்புகளில் நடித்துவந்த சங்கீதா கிருஷ்ணசாமி, 'அடிவிராக்கு' படத்தில் ஆங்கில ஆசிரியையாக நடித்து 2017-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். தமிழ் மட்டும் தெரிந்தால் சந்தை சிறியது. மலாயும் ஆங்கிலமும் சரளமாக வந்தால் அதே நடிகருக்கு மூன்று வாசல்கள் திறக்கின்றன.

மூன்றாண்டுத் திட்டம்

முதலாம் ஆண்டு அடித்தளம் போடும் காலம். எஸ்.பி.எம். தேர்வை நல்ல முறையில் முடிக்க வேண்டும். முழுநேரமாகப் படிக்க விரும்புபவர்கள் கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா கலைக் கழகத்தில் நாடகத் துறை இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கக் கல்விக்கழகமாகிய அது 1994-இல் தொடங்கப்பட்டது. படிக்கப் போகாதவர்கள் ஒரு வேலையில் சேர்ந்து, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கென்று தனியாகச் சேமிக்க வேண்டும். இதற்காகக் கடன் வாங்கக் கூடாது.

இரண்டாம் ஆண்டு பயிற்சிக் காலம். நல்ல பட்டறை ஒன்றை முடித்த பிறகு, கற்றதை மலையிலேயே பழக வேண்டும். நான்கு நண்பர்கள் சேர்ந்தால் கோயில் மண்டபத்தில் ஒரு குறுநாடகம் போடலாம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நாடகம் பழக்கிக் கொடுக்கலாம். சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எவ்வளவு தெரியும் என்பது விளங்கும். கைபேசியிலேயே ஒரு நிமிடக் காட்சி எடுத்து, தானே பார்த்துத் திருத்தலாம். பழகாத பட்டறைப் பாடம், உழாத நிலத்தில் எறிந்த விதை.

மூன்றாம் ஆண்டு வாசலைத் தட்டும் காலம். தெளிவான மூன்று புகைப்படங்கள், ஒரு நிமிடக் காணொளி, வயது, உயரம், தெரிந்த மொழிகள், செய்த நாடகங்கள் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பு ஆகியவை தயாராக இருக்க வேண்டும். தொலைக்காட்சி நாடகம், வானொலி நாடகம், விளம்பரம், பின்னணிக் குரல் என்று எல்லாவற்றுக்கும் முயற்சி செய்ய வேண்டும். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் உதவி இயக்கம், ஒலிப்பதிவு, ஒப்பனை ஆகியவையும் கௌரவமான தொழில்களே. நடிக்க வந்து அங்கே நிலைத்தவர்கள் தோற்றவர்கள் அல்லர்.

சுயமாகச் சம்பாதிக்கும் கலைஞர்கள் பெர்கேசோ நிறுவனத்தின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த இத்திட்டம், 2020 முதல் கலைத்துறையையும் உள்ளடக்கியது. படப்பிடிப்பில் விழுந்து கால் ஒடிந்தால் கைத்தட்டல் மருத்துவச் செலவைக் கட்டாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மூன்றாண்டு முடிவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். எத்தனை தேர்வுகளுக்குப் போனார், எத்தனை வேலை கிடைத்தது, நடிப்பு முன்னேறியிருக்கிறது என்று வெளியார் யாராவது சொன்னார்களா? ஆம் என்றால் இன்னும் இரண்டு ஆண்டு. இல்லை என்றால் நடிப்பைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு தொழிலில் கவனம் செலுத்தலாம். அந்த மூன்றாண்டில் வந்த குரலும், பத்துப் பேர் முன்னால் கூச்சமில்லாமல் பேசும் துணிவும், எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும்.

பெற்றோர் "வேண்டாம்" என்று தடுத்தால் பிள்ளை சொல்லாமல் பேருந்து ஏறும். கேட்டதையெல்லாம் கொடுத்தால் ஏமாற்றுபவன் கையில் சிக்கும். "போ, ஆனால் கணக்கோடு போ" என்று சொல்லி, அந்தக் கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதி வைப்பதே பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி.