அவசரத்தில் கொடுத்த காசு, ஆறுதலாகக் கேட்ட கணக்கு

2020 மார்ச் 25 அன்று இரண்டு அரசுகள் ஒரே நாளில் பெட்டகத்தைத் திறந்தன. ஒட்டாவாவில் கொவிட் அவசர உதவிச் சட்டம் நிறைவேறியது. ரொறன்ரோவில் ஒன்ராறியோ நிதியமைச்சர் றொட் பிலிப்ஸ் 17 பில்லியன் டொலர் திட்டத்தை அறிவித்தார். அப்போது அவர் அஜக்ஸ் தொகுதியின் மாகாண சபை உறுப்பினர். அந்த உதவிகள் யார் கைக்குப் போயின, யாரைத் தாண்டிப் போயின என்ற கேள்வி அஜக்ஸ்காரருக்கு ஊர்க் கேள்வியும்தான்.

'சேர்ப்' என்று எல்லோரும் சொன்ன மத்திய அரசின் கொடுப்பனவுக்கு ஏப்ரல் 6 முதல் விண்ணப்பம் எடுத்தார்கள். நான்கு வாரத்துக்கு 2,000 டொலர். எந்த நாளில் விண்ணப்பிப்பது என்பதைப் பிறந்த மாதத்தைக் கொண்டு பிரித்திருந்தார்கள். வேலை போன கடிதமோ சம்பளத் துண்டோ கேட்கவில்லை. திரையில் வந்த சில கேள்விகளுக்குப் பதில் சொல்லி, சொன்னது உண்மை என்று உறுதி கொடுத்தால் போதும். சில நாளில் வங்கிக் கணக்கில் காசு விழுந்தது. சுமார் 8.9 மில்லியன் பேர் பெற்றார்கள். செலவு 81 பில்லியன் டொலருக்கு மேல். உணவகங்களும் சலூன்களும் மண்டபங்களும் ஒரே வாரத்தில் பூட்டுப்பட்டபோது, வீட்டு வாடகையும் மோர்ட்கேஜும் காத்திருக்கவில்லை. முதலில் கொடுப்போம், பிறகு சரிபார்ப்போம் என்ற முடிவு சரியானதே.

சிக்கல் வாசலில் இருந்தது. 2019 இலோ விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்திலோ குறைந்தது 5,000 டொலர் உழைத்திருக்க வேண்டும். பகுதிநேரமாக 5,000 உழைத்தவருக்கு மாதம் 2,000. 4,900 உழைத்தவருக்கு ஒன்றுமில்லை. காஷ் வேலை செய்தவருக்கு உழைப்பு இருந்தது, காட்டக் கணக்கு இல்லை. 2020 யூலையில் ஓய்வூதியம் பெறும் முதியோருக்குத் தனியாக 300 டொலர் கொடுத்தார்கள். பிள்ளைகளின் ஸ்பொன்சரில் வந்து பத்து வருடம் நிறையாத அம்மா, அப்பா பலருக்கு அந்த ஓய்வூதியமே கிடையாது. 300 டொலரும் இல்லை. நம்மவர் வீடுகளில் இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

வேலைக்குப் போனவர்களின் கணக்கு இன்னும் கசப்பானது. அப்போது ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 14 டொலர். வாரம் 35 மணித்தியாலம் கடையில் நின்றவருக்கு நான்கு வாரத்தில் 1,960 டொலர், அதுவும் பிடிப்புகளுக்கு முன்னால். வீட்டில் இருந்தவருக்கு 2,000. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பலர் கோபப்பட்டார்கள். கோபப்பட வேண்டியது அந்தச் சம்பளத்தைப் பார்த்து. அஜக்ஸுக்கு அடுத்த பிக்கறிங்கில் உள்ள ஓர்ச்சர்ட் வில்லா முதியோர் இல்லத்தில் முதல் அலையிலேயே சுமார் 70 பேர் இறந்தார்கள். இராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது. அப்படியான இடங்களில் பி.எஸ்.டபிள்யூ எனும் பராமரிப்புப் பணியாளர் வேலை செய்தவர்களுக்கு மாகாணம் மணிக்கு 4 டொலர் கூடுதலாகக் கொடுத்தது, 16 வாரத்துக்கு மட்டும். காய்ச்சல் என்று இரண்டு நாள் வீட்டில் நின்றால் அந்தச் சம்பளம் யார் தருவது? 2020 செப்டெம்பரில் வந்த மத்திய அரசின் நோய்க்காலக் கொடுப்பனவுக்கு வாரத்தில் பாதி வேலையாவது தவறியிருக்க வேண்டும். சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பை ஒன்ராறியோ சட்டமாக்கியது 2021 ஏப்ரல் கடைசியில், மூன்றாவது அலை உச்சத்தில் நின்றபோது. இந்தத் தாமதத்தைத்தான் இந்த முழு விவகாரத்தின் பெரிய அநீதியாக நான் பார்க்கிறேன்.

பிறகு கடிதங்கள் வந்தன. 2020 இன் கடைசியில் வருமான வரித்துறை சுமார் 441,000 பேருக்கு, உங்களுக்குத் தகுதி இருந்ததா என்று கேட்டு எழுதியது. வாடகைக் கார் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிச் சேர்த்தது 9,000. பெற்றோல், இன்சூரன்ஸ், தொலைபேசி கழித்தால் 4,300. அந்த 5,000 எந்தத் தொகை என்பது விண்ணப்பத்தில் தெளிவாக இல்லை. கழித்த பிறகு வருவதுதான் என்று வரித்துறை பின்னர் சொன்னது. எதிர்ப்பு எழுந்த பிறகே, 2021 பெப்ரவரியில், கழிக்கும் முன் உள்ள தொகையையும் ஏற்பதாக அரசு அறிவித்தது. வேலை செய்த வறிய முதியோர் பலருக்கு வேறு அடி. சேர்ப்பை வருமானமாக எண்ணியதால் 2021 யூலையிலிருந்து குறைந்த வருமான முதியோருக்கான ஜி.ஐ.எஸ் கொடுப்பனவு அவர்களுக்கு வெட்டுப்பட்டது. அதை ஈடுசெய்ய அரசு 742 மில்லியன் டொலர் ஒதுக்கினாலும், காசு கைக்கு வந்தது 2022 இல்.

நிறுவனங்களிடம் கணக்குக் கேட்பதில் இந்த வேகம் இல்லை. ஊழியர் சம்பளத்தில் 75 வீதம் வரை, வாரம் 847 டொலர் உச்சமாக, அரசு மானியம் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டே பங்குதாரருக்கு இலாபம் பகிர்ந்த நிறுவனங்களும் இருந்தன. தொடக்கத்தில் சட்டம் அதைத் தடுக்கவில்லை. பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் வெளிவந்தபோது தொகை அதில் இல்லை. 2022 டிசம்பரில் கணக்காய்வாளர் நாயகம் கேரன் ஹோகன் தந்த அறிக்கை, தகுதியில்லாத தனிநபர்களுக்கு 4.6 பில்லியன் டொலர் போனது என்றது. நிறுவனங்களையும் சேர்த்து, மேலும் விசாரிக்க வேண்டியது குறைந்தது 27.4 பில்லியன் என்றது.

ஊரில் வாசல் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரருக்கு 1,000 ரூபாய். 2021 மே, யூன் மாதங்களில் இரண்டு தவணையாக 4,000. எல்லாம் ரேஷன் கடை வழியாக. வரித் தாக்கலே செய்யாதவருக்கும் அது சேர்ந்தது. தமிழ்நாட்டு அட்டை இல்லாத வடமாநிலத் தொழிலாளிக்கு அந்தப் பணம் இல்லை. இலங்கையில் 5,000 ரூபாய் கிராம அலுவலர், சமுர்த்திப் பட்டியல்கள் வழியாகப் போனது. எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதே எல்லா இடத்திலும் முடிவு செய்தது.

சேர்ப் கடன் கடிதம் இன்னும் வீட்டில் கிடந்தால் பிரிக்காமல் வைக்காதீர்கள். முடிவில் உடன்பாடில்லை என்றால், கடிதத்தில் குறித்த நாளுக்குள் இரண்டாவது மீளாய்வு கேட்கலாம். வேறொரு அதிகாரி பார்ப்பார். அதுவும் சரிவராவிட்டால் மத்திய நீதிமன்றம் போகலாம். ஒரேயடியாகக் கட்ட முடியாதவர்கள் மாதத் தவணை பேசலாம். அந்தக் காலத்து வங்கிக் கூற்று, பற்றுச்சீட்டு, சம்பளத் துண்டு எதையும் வீசிவிடாதீர்கள்.