கருணைக் கொலையா, கடைசிவரை கவனிப்பா?

“இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்” என்று மருத்துவமனை கைவிரித்த பிறகுதான் பல குடும்பங்களுக்குச் சோதனையே தொடங்குகிறது. முற்றிய புற்றுநோயின் வலியைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள், “சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை” என்று வாய்விட்டே சொல்வதுண்டு. கருணைக் கொலை விவாதத்துக்கு வேர் இந்த வேதனைதான். ஆனால், மூன்று தனித்தனி விஷயங்களை அதில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

எது என்ன?

முதலாவது, நோய்த்தணிப்புச் சிகிச்சை. நோய் குணமாகாது என்றாலும் வலி, மூச்சுத்திணறல், மனவேதனை ஆகியவற்றைக் குறைப்பது இது. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் இதற்கு முன்னோடி.

இரண்டாவது, பலன் தராத வென்டிலேட்டர் போன்றவற்றை விலக்கிக்கொண்டு, இயற்கையான மரணத்துக்கு வழிவிடுவது.

மூன்றாவது, நோயாளி கேட்டுக்கொண்டபடி உயிரைப் போக்கும் மருந்தைக் கொடுப்பது. நெதர்லாந்து 2002இலும் கனடா 2016இலும் இதை அனுமதித்தன. இந்தியாவில் இது குற்றம்.

நீதிமன்றம் சொன்னது

மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973இல் பாலியல் தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கோரிய மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரைப் பராமரித்துவந்த செவிலியர்களே அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆனால், கடும் நிபந்தனைகளுடன் சிகிச்சையை விலக்கலாம் என்பதை அதே தீர்ப்பு கொள்கையளவில் ஏற்றது. அருணா 2015இல் நிமோனியாவால் இறந்தார்.

கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே உயிலாக எழுதிவைக்கலாம். 2023இல் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் போதும். சிகிச்சையை விலக்க, மூவர் கொண்ட இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்து ஒப்ப வேண்டும்.

மாத்திரை கிடைக்கிறதா?

கடும் வலிக்கு முதன்மையான மருந்து மார்ஃபின். விலை அதிகமில்லை. காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்து, இரவு 10 மணிக்கு இரட்டிப்பு அளவு கொடுத்தால் நோயாளி விடியும்வரை தூங்கலாம். கூடவே மலமிளக்கி கட்டாயம். அளவறிந்து கொடுத்தால் இது உயிரைப் பறிக்காது. ஆனால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிக்கு அஞ்சி மருத்துவமனைகள் பலவும் இதை வாங்கி வைப்பதையே தவிர்த்தன. 2014இல் சட்டம் தளர்த்தப்பட்டும் பழைய தயக்கம் முழுதாக நீங்கவில்லை.

கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் 1993இல் கோழிக்கோட்டில் ஊன்றிய நோய்த்தணிப்புச் சிகிச்சையின் விதை, தன்னார்வலர்கள் வீடு தேடிப் போகும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் அந்த மாநிலம் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவை உண்டு. ஆனாலும், உலக அளவில் இந்தச் சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சம்மதம் யாருடையது?

எவ்வளவு நல்ல கவனிப்பும் எல்லா வேதனையையும் போக்கிவிடாது. என் உடல், என் முடிவு என்பது ஆதரவாளர்களின் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால், தென்மாவட்டங்களில் சில இடங்களில் வழக்கிலிருந்த தலைக்கூத்தலை நாம் அறிவோம். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடிவை விரைவுபடுத்துவார்கள். அங்கே முதியவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. அப்படியே கேட்டாலும், ‘பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறோமே’ என்று தவிப்பவர் தலையாட்டினால் அதை அவருடைய விருப்பமாகக் கொள்ள முடியுமா?

வலிக்கு மருந்தும் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்து, அதற்குப் பிறகும் ஒருவர் ‘போதும்’ என்றால் அது அவருடைய முடிவு. இரண்டும் இல்லாதவர் சொல்லும் ‘போதும்’ என்பதற்குப் பொறுப்பு, அவற்றைக் கொடுக்காத நம்முடையது. மூன்றாவது கதவைத் திறப்பதா என்று வாதிடும் முன், முதல் கதவு எல்லா ஊரிலும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.