வாக்ஸா, செராமிக் கோட்டிங்கா? காரின் பளபளப்புக்கு எது சரி?

கார் டெலிவரி எடுக்கும் நாள். மாலை போட்டாச்சு, சந்தனம் குங்குமம் வெச்சாச்சு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் ரெடி. அந்த நேரம் பார்த்துத்தான் ஷோரூம் ஊழியர் மெதுவாக ஆரம்பிப்பார். "சார், செராமிக் கோட்டிங் போட்டுடலாமா? அஞ்சு வருஷத்துக்கு கண்ணாடி மாதிரி இருக்கும். ஸ்க்ராட்சே விழாது!"

லோன், இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ் என ஏற்கெனவே பர்ஸ் இளைத்திருக்கும். கூட வந்த மாமா குறுக்கே புகுந்து, "அதெல்லாம் தண்டச் செலவு. ஒரு டப்பா வாக்ஸ் வாங்கித் தேய்ச்சா போதும்" என்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, காரின் பெயின்ட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகம். அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். நாம் ரசிக்கிற பளபளப்பு முழுக்க இந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. கீறல் விழுந்தால் மெஷின் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம். ஆனால், ஒவ்வொரு பாலிஷும் இந்த அடுக்கைக் கொஞ்சம் சீவி எடுத்துவிடும். பேங்க்கில் போட்ட பணம் மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும். திரும்பப் போட வழியில்லை.

இனி மாமாவின் கட்சி. நல்ல வாக்ஸ் டப்பாக்களில் இருப்பது கார்னுபா. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையில் இருந்து எடுக்கிறார்கள். வறட்சியில் ஈரம் போய்விடாமல் இருக்க அந்த மரம் தன் இலைக்குத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. கறுப்பு, அடர் நீலம், மெரூன் கார்களில் இது தரும் ஆழமான, ஈரம் படிந்தது போன்ற மினுமினுப்புக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. செலவு சில நூறு ரூபாயில் தொடங்கும். நிழலில், பானட் சூடு ஆறிய பிறகு, மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் துடைத்தால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வேலை.

ஆனால், சென்னை மே மாத வெயிலில் நிற்கும் காரில் அது சில வாரங்கள் தாங்கினாலே பெரிது. பாத்திரம் கழுவும் லிக்விடால் காரைக் கழுவினால் அதற்கும் முன்பே போய்விடும். இரண்டுக்கும் நடுவே 'பெயின்ட் சீலன்ட்' என்ற செயற்கைப் பூச்சும் கிடைக்கிறது. பூசுவது வாக்ஸ் மாதிரியேதான். சில மாதங்கள் நிற்கும்.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா அடிப்படையிலான திரவம். தடவியதும் கிளியர் கோட்டோடு ஒட்டி இறுகிவிடும். தடிமன் ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு சுலபத்தில் ஒட்டாது, பறவை எச்சம் பெயின்ட்டை அரிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். சரியாகப் போட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இதெல்லாம் நிஜம்.

'ஸ்க்ராட்சே விழாது' என்பதுதான் நிஜமில்லை. விளம்பரங்களில் வரும் '9ஹெச்' என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனையின் அளவு. அதை வைரத்தின் கடினத்தோடு ஒப்பிடக் கூடாது. பக்கத்து பைக்கின் ஹேண்டில்பார் உரசினால் கோடு விழத்தான் செய்யும். லாரி தெறிக்கவிடும் கல்லுக்கு பி.பி.எஃப் என்ற தடித்த ஃபிலிம்தான் ஓரளவு பதில். அதன் செலவு இன்னும் அதிகம். உப்பான போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால், அந்த முத்துகளே வெள்ளைப் புள்ளிகளாகப் படியும். செராமிக் போட்ட காரும் இதற்குத் தப்பாது.

செராமிக்குக்குக் கேட்கும் பத்து, இருபதாயிரத்தில் பெரும்பகுதி உண்மையில் முன்வேலைக்கான கூலி. ஒட்டிய அழுக்கை களிமண் போன்ற 'க்ளே பார்' கொண்டு எடுத்து, இருக்கும் கீறல்களை பாலிஷில் சரிசெய்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்த பிறகே பூச வேண்டும். அவசரமாகப் பூசினால் கீறல்கள் கோட்டிங்குக்கு அடியில் பத்திரமாக இருக்கும். எனவே, "எத்தனை வருஷ வாரன்ட்டி?" என்று கேட்பதற்கு முன், "பூசுவதற்கு முன்னாடி என்னென்ன செய்வீங்க, எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடலாம்.

பளபளப்பின் நிஜ எதிரி தினமும் காலையில் வருகிறது, காய்ந்த துணி வடிவில்! அபார்ட்மென்ட்களில் ஒரே பக்கெட், ஒரே துணியில் பத்து கார்களைத் துடைப்பார்கள். தூசியில் இருக்கும் நுண்மணல் அப்படியே தேய்படும். வெயிலில் பார்த்தால் சிலந்திவலை போலத் தெரியும் வட்டக் கீறல்கள் இதனால் வருபவைதான். துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆபீஸ் கிளம்புவதற்குள் பத்து காரையும் முடித்தாக வேண்டும் அவருக்கு. உங்கள் காருக்கென இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, முதலில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். தூசி படிந்த காருக்கு கவர் போடாதீர்கள். காற்றில் அதுவும் உப்புத்தாள் வேலையைத்தான் செய்யும்.

திறந்தவெளியில் நிற்கும் அடர்நிற கார், கடற்கரைப் பக்கம் வீடு, குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்கும் எண்ணம் என்றால், நல்ல டீட்டெய்லிங் கடையில் செராமிக் போடுவது நியாயமான செலவு. மூடிய பார்க்கிங்கில் நிற்கும், வாரக் கடைசியில் மட்டும் வெளியே வரும் காருக்கு வாக்ஸ் தாராளம். வெள்ளை அல்லது சில்வர் கார், இரண்டு மூன்று வருடத்தில் விற்றுவிடுவேன் என்பவர்கள் சீலன்ட்டோடு நிறுத்திக்கொண்டு மிச்சப் பணத்தை டயருக்கு வைத்துக்கொள்ளலாம். டிங்கரிங் முடித்துப் புதிதாக பெயின்ட் அடித்த பாகத்தில் உடனே எதையும் பூச வேண்டாம். எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்பதை பெயின்ட்டரிடமே கேளுங்கள். கிளியர் கோட் உரிந்துபோன பழைய காருக்கு இரண்டுமே வீண். ரீபெயின்ட் மட்டுமே வழி.

இப்போது காரில் இருக்கும் பாதுகாப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கழுவிய பானட்டில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். முத்துகளாக உருண்டால் இன்னும் இருக்கிறது. பாய் விரித்தது போலப் பரவினால் வாக்ஸ் டப்பாவை எடுக்கும் நேரம். செராமிக் போட்ட காரில் அப்படிப் பரவினால் உடனே பதற வேண்டாம். மேலே படிந்த அழுக்கும் காரணமாக இருக்கலாம். கார் ஷாம்பூவால் ஒருமுறை நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி ஊற்றிப் பாருங்கள்.